பிறமலைக் கள்ளர்: மரபும் உறவுமுறையும்

பிறமலைக் கள்ளர் என்போர், மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி வட்டாரக் கிராமங்களில், எட்டு நாடு, 24 உபகிராமம் என்னும் பிரிவினையோடு வாழ்ந்துவரும் சமூகத்தினர் ஆவர். தந்தைவழிப் பங்காளிகள் ஒரே குலதெய்வத்தை வழிபட்டுத் தம்முள் மணவினை விலக்குவர்; தாய்மாமன், அத்தை மக்களை மணத்தல் உரிமையெனப் போற்றப்படும். மாசிப் பச்சை விழாவில் சாமிப் பெட்டியைத் தலையிற் சுமந்து கோயிலுக்குச் செல்வது இவர்களது பிரசித்தமான வழக்கம். பிரெஞ்சு மானிடவியலறிஞர் லூயி துய்மோன் இவர்களைப் பற்றிய விரிவான ஆராய்ச்சி நூலை 1957இல் வெளியிட்டார்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராயிருந்த இராமசாமி பிச்சப்பன் இவர்களிற் சிலரிடம் கண்ட எம்130 என்னும் ஒய்-குரோமோசோம் அடையாளம், ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் காணப்படுவதாதலின், ஆப்பிரிக்காவினின்று கடலோரமாக நிகழ்ந்த ஆதிப் பெயர்ச்சியின் எச்சமெனக் கருதப்பட்டது. எனினும் அவ்வடையாளம் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் ஒற்றை வழியையே காட்டும்; தாய்வழி முன்னோரைக் காட்டாது. பல்லாயிரம் ஆண்டுப் பழமை அவ்வடையாளத்துக்கே உரியது. அதனைச் சாதிப் பெயரின் மேலேற்றுதல் பிழை.