பெருக்கித் துடைக்கும் ரோபோ: வாங்குமுன் ஒரு வரலாற்றுப் பாடம்



"டீச்சர், பெருக்கவும் செய்து, தண்ணீர் போட்டுத் துடைக்கவும் செய்கிற ரோபோ வாங்கப் போகிறோம். எதை வாங்கலாம்?" இந்த இரண்டு மாதத்தில் மூன்று பேர் இப்படிக் கேட்டுவிட்டீர்கள். அதில் இரண்டு பேர் வெளிநாட்டில் இருந்துகொண்டு, ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்காகக் கேட்டவர்கள்.

எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று நான் சொல்லப் போவதில்லை. மாடல்கள் சட்டை மாற்றுவதுபோல மாறுகின்றன. ஆனால் இந்தக் கருவி எங்கே பிறந்தது, எந்தத் தரைக்காகப் பிறந்தது, யாருடைய வேலையைக் குறைத்தது, யார் தலையில் ஏற்றியது என்று தெரிந்துகொண்டால், விளம்பரத்தில் எதைக் கவனிப்பது, எதைத் தள்ளுவது என்று உங்களுக்கே விளங்கிவிடும். பாடம் கொஞ்சம் நீளம். காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

குதிரை வண்டியில் வந்த கருவி

தூசி உறிஞ்சும் கருவி பிறந்தது குளிர்நாட்டில். அங்கே தரைமேல் கனத்த கம்பளம். கம்பளத்துக்குள் இறங்கிய தூசியைத் துடைப்பத்தால் தள்ளினால் பாதி காற்றில் எழும்பி மறுபடி அங்கேயே விழும்.

1901-இல் லண்டனில் ஒரு கருவியைக் காட்டினார்கள். அது காற்றை வேகமாக ஊதித் தூசியைக் கிளப்பும் கருவி. பார்த்தவர்களில் ஒருவர் ஹூபர்ட் செசில் பூத். பாலங்களும் ராட்சத ராட்டினங்களும் வடிவமைத்த பொறியாளர். ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. பிறகு ஓர் உணவகத்தில் நாற்காலி மெத்தைமேல் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சியே பார்த்துவிட்டார். மூச்சு முட்டியதுதான் மிச்சம் என்று சொல்ல முடியாது. கைக்குட்டையின் அடிப்பக்கத்தில் தூசி அப்பியிருந்தது. அந்த ஆண்டே காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

அவர் செய்த கருவி பெட்ரோல் எஞ்சினில் ஓடியது. குதிரை பூட்டிய வண்டியில்தான் கொண்டுவர முடியும். வண்டி தெருவில் நிற்கும். நீண்ட குழாய்கள் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போகும். 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு முன்பு வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயக் கம்பளங்களைச் சுத்தம் செய்தது இந்த வண்டிதான்.

ஒன்றைக் கவனியுங்கள். வண்டியோடு ஆட்களும் வந்தார்கள். வீட்டுக்காரர்கள் கை வைக்கவேண்டிய வேலையே இல்லை.

கருவி வீட்டுக்குள் வந்தது, வேலையும் வந்தது

அடுத்த கதை அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தின் கான்டன் நகரில். ஜேம்ஸ் முர்ரே ஸ்பேங்ளர் ஒரு கடையில் துப்புரவுப் பணியாளர். ஆஸ்துமா உள்ளவர். பெருக்கும்போது எழும் தூசி அவருக்கு ஆகவில்லை. மின்விசிறி மோட்டார், துடைப்பக் கட்டை, தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்துக் கையில் தள்ளும் கருவி ஒன்றைச் செய்தார். 1908-இல் காப்புரிமை கிடைத்தது. பெரிய அளவில் செய்து விற்க அவரிடம் பணம் இல்லை. குதிரைச் சேணம் போன்ற தோல் பொருள்கள் செய்துவந்த வில்லியம் ஹூவர் அதை வாங்கினார். பிற்காலத்தில் பிரிட்டனில் வீடு சுத்தம் செய்வதற்கே 'ஹூவர் செய்வது' என்று பெயர் ஆகிவிட்டது. ஸ்பேங்ளர் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்போம்? கருவியைக் கண்டுபிடித்தவர் கையில் துடைப்பம் பிடித்த தொழிலாளி என்பதை மறக்கக்கூடாது.

கருவி சிறியதாகி வீட்டுக்குள் வந்தபின் என்ன நடந்தது? ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983-இல் ஒரு புத்தகம் எழுதினார். 'மோர் வொர்க் ஃபார் மதர்' என்பது அதன் பெயர். அம்மாவுக்கு இன்னும் அதிக வேலை என்று பொருள். அவர் காட்டும் உண்மை நம்மை யோசிக்க வைக்கும். முன்பெல்லாம் கனத்த கம்பளத்தை வெளியே தூக்கிப்போட்டு அடித்துத் தூசி தட்டுவது எப்போதாவது நடக்கும் வேலை. ஆண்களும் பிள்ளைகளும் கூலியாட்களும் கைகொடுப்பார்கள். கருவி வந்ததும் அது 'சுலபமான' வேலை ஆகிவிட்டது. சுலபமான வேலைக்கு எதற்கு ஆள்? வீட்டுப் பெண் ஒருத்தியே செய்யலாமே! எப்போதாவது நடந்த வேலை அடிக்கடி நடக்கும் வேலை ஆயிற்று. வீடு முன்னைவிடச் சுத்தம்தான். ஆனால் அம்மாவுக்கு ஓய்வு கிடைத்ததா என்று கேட்டால், இல்லை.

முழங்காலை நிமிர்த்திய மாப்பு

இதுவரை சொன்னது பெருக்கும் கதை. துடைக்கும் கதை வேறு. ஸ்பெயின் நாட்டில் பெண்கள் முழங்காலிட்டுத் துணியால் தரையைத் துடைத்துவந்தார்கள். விமானப்படைப் பொறியாளர் மானுவல் ஹலோன் கொரோமினாஸ், அமெரிக்கர்கள் விமானக் கொட்டகையை நீண்ட கட்டையும் வாளியும் கொண்டு நின்றபடியே துடைப்பதைப் பார்த்தார். 1956-இல் தம் நாட்டில் பிழியும் வாளியோடு கூடிய மாப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. ஆனாலும் பெண்களை முழங்காலிலிருந்து நிமிர்த்திய கருவி அது.

நம் வீடுகளுக்கு நெருக்கமான கதை இதுதான். நமக்குக் கம்பளம் கிடையாது. சிமெண்ட், ரெட் ஆக்சைடு, மொசைக், இப்போது டைல்ஸ், கிரானைட். நமக்குச் சுத்தம் என்றால் பெருக்கியபின் ஈரத்துணியால் துடைத்தால்தான் சுத்தம். குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, வாளியை இழுத்துக்கொண்டு, பின்னால் நகர்ந்து நகர்ந்து துடைத்த நம் தாய்மார்களின் முழங்கால்களைக் கேட்டால் சொல்லும்.

1982-இல் ஸ்வீடனின் எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து யுரேகா ஃபோர்ப்ஸ் தொடங்கியது. டை கட்டிய விற்பனையாளர்கள் வீடு வீடாக வந்து, நம் மெத்தையிலிருந்தே தூசியை எடுத்துக் காட்டினார்கள். வாங்கியவர்கள் பலர். ஆனால் எத்தனை வீட்டில் அது பரணுக்குப் போனது! கருவியில் குறை இல்லை. கம்பளத்துக்குப் பிறந்த கருவி அது. அதை ஓட்டி முடித்தபின்னும் மாப்பு போடும் வேலை அப்படியே இருந்தது.

ரோபோ வந்த கதை

அதே எலெக்ட்ரோலக்ஸ்தான் 2001-இல் 'ட்ரைலோபைட்' என்ற தானியங்கிக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன ஒரு கடல் உயிரியின் பெயர் அது. வௌவாலைப்போல ஒலியலை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு வழி கண்டுபிடிக்கும். விலை மிக அதிகம்.

அடுத்த ஆண்டு, 2002-இல், அமெரிக்காவின் ஐரோபோட் நிறுவனம் 'ரூம்பா'வைச் சுமார் 200 டாலருக்கு விற்றது. அந்த நிறுவனத்தை 1990-இல் தொடங்கியவர்கள் காலின் ஆங்கிள், ஹெலன் கிரைனர், ரோட்னி புரூக்ஸ் என்ற மூவர். புரூக்ஸ் எம்.ஐ.டி. பேராசிரியர். ரோபோவுக்குப் பெரிய மூளை தேவையில்லை, பூச்சியைப்போலச் சின்னச் சின்ன எதிர்வினைகள் போதும் என்பது அவர் கொள்கை. அதனால்தான் முதல் ரூம்பாவுக்கு வீட்டின் வரைபடம் தெரியாது. சுற்றும், முட்டும், திரும்பும். போன இடத்துக்கே மறுபடியும் போகும். ஆனால் மலிவு, அதனால் விற்றது.

2010-இல் நீட்டோ என்ற நிறுவனம் சுழலும் லேசரைத் தலையில் வைத்த கருவியை விற்றது. லேசர் ஒளி சுவரில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு தூரத்தைக் கணக்கிட்டு, அறையின் படத்தைத் தானே வரைந்துகொள்ளும். பிறகு உழவர் சால் ஓட்டுவதுபோல வரிசையாகப் போகும். இன்று நல்ல கருவிகள் பெரும்பாலும் இந்த வழியைத்தான் பின்பற்றுகின்றன.

துடைக்கும் ரோபோவும் பழையதே. 2005-இல் ஐரோபோட் 'ஸ்கூபா'வை அறிமுகப்படுத்தியது. நல்ல தண்ணீரை ஊற்றித் தேய்த்து, அழுக்குத் தண்ணீரை உறிஞ்சி வேறு தொட்டியில் வைக்கும். பிறகு வந்த பல கருவிகள் சுலப வழியைப் பிடித்தன: பெருக்கும் ரோபோவின் வாலில் ஓர் ஈரத்துணி. முதல் அறையின் அழுக்கு கடைசி அறைவரை போகும். இதற்கு மாற்றாகத்தான் துணியைத் தானே அலசி உலர்த்தும் நிலையங்கள் வந்தன.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது?

இந்த வரலாறு எனக்குச் சொல்லும் பாடம் ஒன்றுதான். கருவி வேலையை முழுவதும் ஒழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. எனவே "இது என்ன செய்யும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இது செய்தபின் மிச்சம் என்ன, அதை யார் செய்வார்கள்?" என்று கேளுங்கள்.

1. பாஸ்கல் கணக்கில் மயங்க வேண்டாம். 10,000, 20,000 என்று போடுவார்கள். அது உறிஞ்சும் அழுத்தத்தின் அளவு. அதிகம் பயன்படுவது கம்பளத்தில். டைல்ஸ் தரையில் மணலையும் முடியையும் எடுக்க அவ்வளவு பெரிய எண் தேவையில்லை.

2. துடைக்கும் பகுதியை முதலில் பாருங்கள். சும்மா இழுபடும் துணியா, அழுத்திச் சுழலும் இரண்டு வட்டத் துணிகளா, ஓடும்போதே கழுவப்படும் உருளையா? பின்னிரண்டும் நம் தரைக்கு நல்லது. எதுவானாலும் காய்ந்த சாம்பார்க் கறையை ஒரே ஓட்டத்தில் எடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

3. அழுக்குத் தண்ணீரை யார் கொட்டுவார்கள்? நிலையத்தில் உள்ள தொட்டி 4 லிட்டர் என்றால் நிறையும்போது 4 கிலோ எடை. அதைத் தூக்கிக் குளியலறைவரை கொண்டுபோக வேண்டும். நம் ஊர் வெயிலில் இரண்டு நாள் விட்டால் நாறும். 75 வயது அம்மாவுக்கு வாங்குகிறவர்கள் இதை முதலில் யோசியுங்கள். குனியும் வேலையைக் குறைக்கப்போய்த் தூக்கும் வேலையைக் கொடுத்துவிடக் கூடாது.

4. தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் ஊற்றினால் சிறு குழாய்களில் உப்புப் படியும். பினாயில் ஊற்றலாமா என்று கையேட்டைப் பாருங்கள். பல கருவிகளில் கூடாது.

5. வீட்டை அளந்து பாருங்கள். நிலைப்படி 2 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் பல கருவிகள் ஏறாது. கட்டிலுக்கு அடியில் 10 சென்டிமீட்டர் இடைவெளியாவது உண்டா? தரை கறுப்புக் கிரானைட்டா? கருவி மாடிப்படியில் விழாமலிருக்கக் கீழ்நோக்கி அகச்சிவப்பு ஒளி அனுப்பும். ஒளி திரும்பாவிட்டால் பள்ளம் என்று நின்றுவிடும். கறுப்புத் தரை ஒளியை விழுங்கிவிடுவதால் சில கருவிகள் சமதரையையே பள்ளம் என்று நினைத்து மிரளும். வாங்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

6. கம்பெனி நிலைக்குமா? நீட்டோ 2023-இல் மூடப்பட்டது. ரூம்பாவைத் தந்த ஐரோபோட்டே 2025 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. அதற்குக் கருவி செய்து கொடுத்துவந்த சீன நிறுவனமே அதை எடுத்துக்கொள்ள முன்வந்தது. ஆகவே போனில் செயலி இல்லாமலும் பொத்தானை அழுத்தினால் ஓடுமா, பிரஷ்ஷும் துணியும் நம் ஊரில் கிடைக்குமா, பழுது பார்க்க ஆள் உண்டா என்று கேளுங்கள்.

7. கேமரா. ஐரோபோட்டின் சோதனைக் கருவிகள் 2020-இல் வீடுகளுக்குள் எடுத்த படங்கள் இணையத்தில் கசிந்ததை 2022-இல் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ இதழ் வெளியிட்டது. கழிப்பறையில் இருந்த பெண்ணின் படமும் அதில் ஒன்று. சோதனைக்கு ஒப்புக்கொண்டவர்கள் வீட்டுப் படங்கள் அவை என்று நிறுவனம் சொன்னது. 2024-இல் அமெரிக்காவில் சில வீடுகளின் ஈகோவேக்ஸ் கருவிகளுக்குள் யாரோ ஊடுருவி, கருவியின் ஒலிபெருக்கி வழியாகவே வசைபாடினார்கள். வேலைக்கு லேசர் போதும் என்றால் கேமரா இல்லாததை வாங்குங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை

உங்கள் வீட்டில் பெருக்கித் துடைக்க ஓர் அம்மா வருகிறார் என்றால், ரோபோ வந்த மாதமே அவர் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். மூலை முடுக்கு, படிக்கட்டு, குளியலறை, ஜன்னல் விளிம்பு எதுவும் ரோபோவுக்கு எட்டாது. அந்தக் கருவியைக் கழுவி வைக்கும் வேலையும் பெரும்பாலும் அவரிடம்தான் போய்ச் சேரும். அவர் குனிவது குறைந்தால் மகிழ்ச்சி. வருமானம் குறையாமல் அது நடக்க வேண்டும்.

ஆண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. கருவியை வாங்கி, செயலியை நிறுவி, ஓட்டிக் காட்டுவதோடு உங்கள் பங்கு முடிந்துவிடாது. துணியை அலசுவதும் பிரஷ்ஷில் சுற்றிய முடியை வெட்டி எடுப்பதும் உங்கள் பெயரில் இருக்கட்டும். நூறு ஆண்டுக் கதையில் மாறாமல் இருப்பது அந்தப் பகுதிதான்.

ஏற்கெனவே வாங்கியவர்கள், தினமும் அழுக்குத் தொட்டியைக் கொட்டுவது யார் என்பதை உண்மையாகக் கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்