முன்பாரம், பின்பாரம்: வாழப்பாடிச் சமவெளியில் சிறு சரக்கு வண்டியின் வரலாறு

சேலத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், ஆத்தூர் வழியாக உளுந்தூர்ப்பேட்டை செல்லும் நெடுஞ்சாலையின் மேல் அமைந்த வாழப்பாடி, அருநூற்றுமலைக்கும் கல்வராயன் மலைத்தொடருக்கும் அடிவாரமான சமவெளியில் வளர்ந்த ஊராகும். பாக்கு, மரவள்ளி, தக்காளி முதலிய காய்கறிகள், பூ ஆகிய இதன் விளைபொருள்கள் எல்லாம் விளைந்த இடத்திலேயே பயன்பட்டு முடிபவை அல்ல. பாக்கு வேகவைத்து உலர்த்தும் களத்துக்கும், மரவள்ளிக் கிழங்கு சேகோ ஆலைக்கும், காய்கறி தலைவாசல் சந்தைக்கும் சேலம் மண்டிகளுக்கும் போய்ச் சேர வேண்டும். அதிலும் கிழங்கு பறித்த ஓரிரு நாளுக்குள்ளும், பூவும் காயும் விடிவதற்குள்ளும் போயாக வேண்டும். சுமை சிறிது, தொலைவு குறைவு, நேரம் இறுக்கம் என்னும் இம்மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் சிறு சரக்கு வண்டிக்குத் தேவை பிறக்கிறது. மாட்டு வண்டியில் தொடங்கி இன்றைய பிக்கப் வரை நீளும் அதன் வரலாற்றைத் தொடர்ந்து நோக்கினால், சுமையின் பாதுகாப்புக்கும் ஓட்டுபவரின் பாதுகாப்புக்கும் ஒரே காலத்தில் ஒரே அளவு அக்கறை கிடைக்கவில்லை என்பது புலப்படும்.

இரட்டை மாடு பூட்டிய பாரவண்டியில் இரண்டே சக்கரங்களும் ஓர் அச்சும் இருந்தமையால், சுமையை அச்சுக்கு எந்தப் பக்கம் எவ்வளவு வைப்பது என்பதே வண்டியோட்டும் கலையின் முதற்பாடமாக இருந்தது. அச்சுக்கு முன்னால் எடை மிகுந்தால் அதனை முன்பாரம் என்றும், பின்னால் மிகுந்தால் பின்பாரம் என்றும் வழங்கினர். முன்பாரம் மிகும்போது நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். பின்பாரம் மிகும்போது நுகம் மேலெழும்பி, கழுத்தைச் சுற்றிய பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். மேடேறும்போது சுமை இயல்பாகவே பின்னுக்குச் சாய்வதால் வண்டிக்காரர் முன்னால் தாவி ஏறித் தம் உடலையே எதிர் எடையாக வைப்பதும், இறக்கத்தில் கீழே குதித்து உடன் நடப்பதும் வழக்கம். சில வண்டிகளில் சக்கரத்தின் மேல் உரசுமாறு கயிற்றால் இறுக்கப்படும் தடைக்கட்டையும் இருந்தது. சுமையைக் கட்டுவது, பங்கிடுவது, தாங்குவது ஆகியவற்றுக்கு இவ்வளவு நுண்ணிய அறிவு வளர்ந்திருந்த அதே வண்டியில், ஓட்டுபவருக்கென்று தனியாக ஓர் உறுப்பு செய்யப்படவில்லை. மூட்டைகளுக்கும் ஏர்க்காலுக்கும் இடையே எஞ்சிய இடமே அவருக்கு இருக்கையாயிற்று.

வசதி என்பது வேறொரு வண்டிக்கு உரியதாக இருந்தது. அச்சுக்கும் தட்டுக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கி அதிர்வைக் குறைத்த வில்வண்டி, வசதியுள்ள குடும்பங்கள் பயணம் செய்வதற்காகச் செய்யப்பட்டது. பாரவண்டிக்கு வில் கிடையாது. வில் மனிதருக்கு, கட்டை அச்சு பாரத்துக்கு என்ற இந்தப் பிரிவினை பின்னாளில் மோட்டார் வண்டியில் தலைகீழாக மாறியதைக் கீழே காணலாம். பாதுகாப்பு ஏற்பாடுகளில் மிகப் பழமையான ஒன்றும் வண்டியைப் பற்றியதே. உப்பு வணிகரான உமணர், மேடுபள்ளமான நெடுவழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்காகச் சேம அச்சு என்னும் உபரி அச்சை வண்டியின் அடியில் கட்டிச் சென்றதைப் புறநானூறு குறிப்பிடுகிறது. இன்று ஓட்டுநர்கள் ஸ்டெப்னி என்று கூறும் உபரிச் சக்கரம் அதே எண்ணத்தின் தொடர்ச்சி. அச்சொல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில் 1904ஆம் ஆண்டு உபரிச் சக்கரம் செய்யத் தொடங்கிய பட்டறை இருந்த தெருவின் பெயரிலிருந்து வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் 60-களில் சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதை சேலத்தைத் தொட்டதும், பின்னர் சேலம்–விருத்தாசலம் பாதை வாழப்பாடி வழியாக அமைந்ததும், நெடுந்தூரச் சரக்கை வண்டியிலிருந்து பிரித்தெடுத்தன. ஆயினும் தோட்டத்துக்கும் நிலையத்துக்கும் இடைப்பட்ட தொலைவு மாட்டு வண்டியிடமே நின்றது. இரும்புப் பட்டை போட்ட மரச்சக்கரத்துக்கு மாற்றாகக் காற்றடைத்த ரப்பர் சக்கரம் பூட்டிய டயர் வண்டி விடுதலைக்கு முன்பே அறிமுகமாகி, அதே மாடுகளைக் கொண்டு கூடுதல் எடையை இழுக்க வழி செய்தது. சக்கரம் எளிதாக உருண்டதால் இறக்கத்தில் வண்டியை நிறுத்துவது முன்னிலும் கடினமாயிற்று என்பது இம்மாற்றத்தின் மறுபக்கம்.

மோட்டார் வண்டிகளுக்கான முதல் அனைத்திந்தியச் சட்டம் 1914ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, வண்டிக்குப் பதிவும் ஓட்டுபவருக்கு உரிமமும் வேண்டும் என்றது. அதற்குப் பதிலாக வந்த 1939ஆம் ஆண்டுச் சட்டம், மூன்றாம் தரப்புக் காப்பீட்டையும் (அதாவது வண்டியால் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் காப்பீட்டையும்) சரக்கு வண்டி ஓட்டுநரின் வேலை நேர வரம்பையும் கொண்டு வந்தது. விடுதலைக்குப் பின் சேலம், நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரம் லாரித் தொழிலின் தலைமையிடங்களுள் ஒன்றாக எழுந்தது. 1997ஆம் ஆண்டு சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளால் இந்தியா முழுவதும் பெயர் பெற்றது. பாடி கட்டுதல் என்பது தொழிற்சாலையிலிருந்து எஞ்சினும் சட்டகமுமாக வரும் சேசிஸின் மேல், சரக்குத் தட்டையும் ஓட்டுநர் அமரும் கேபினையும் உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் அமைத்துத் தருவதாகும். இதனால் கேபினின் வலுவும் இருக்கையின் உயரமும் பட்டறைக்குப் பட்டறை வேறுபட்டன. லாரி வாங்குபவர் பாடியின் கொள்ளளவைப் பேரம் பேசிய அளவுக்கு இருக்கையைப் பற்றிப் பேசியதில்லை. கேபினுக்கும் பாடிக்கும் நாடு தழுவிய தர விதிகள் வகுக்கப்பட்டது மிகப் பிற்காலத்தில்தான்.

லாரி பெருகிய பின்னும் வாழப்பாடியின் பழைய சிக்கல் தீரவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இறக்குமதி நின்றதால் சேலத்தில் வேரூன்றிய சேகோ தொழில், ஜவ்வரிசி உற்பத்தியாளருக்கான கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981ஆம் ஆண்டு உருவாகும் அளவுக்கு விரிந்தது. கிழங்குச் சுமை லாரிக்கு ஏற்றதாயினும், ஒரு விவசாயியின் பத்துப் பதினைந்து கூடைத் தக்காளியோ சில மூட்டைப் பாக்கோ லாரியை நிரப்பாது. மாட்டு வண்டியோ சந்தை கூடும் நேரத்துக்குள் போய்ச் சேராது. இந்த இடைவெளியை முதலில் நிரப்பியவை ஜெர்மானிய வடிவமைப்பைப் பின்பற்றி இந்தியாவில் செய்யப்பட்ட டெம்போ மூன்று சக்கர வண்டியும், அதைச் செய்த நிறுவனத்தின் மட்டடார் வேனும் ஆகும். டெம்போ என்ற வணிகப் பெயர் எல்லாச் சிறு சரக்கு வண்டிகளுக்கும் பொதுப்பெயராகும் அளவுக்கு அவை பரவின. 1980-களில் டொயோட்டா, நிசான், மஸ்தா, மிட்சுபிஷி ஆகிய நான்கு ஜப்பானிய நிறுவனங்கள் இந்தியக் கூட்டாளிகளுடன் இணைந்து இலகுரகச் சரக்கு வண்டிகளைக் கொண்டு வர, அதற்கு எதிர்நின்று டாடா நிறுவனம் 1986ஆம் ஆண்டு வெளியிட்ட 407 என்ற வண்டி நிலைத்து நின்றது.

ஓட்டுநர் அறைக்குப் பின்னால் திறந்த தட்டுடைய சிறு வண்டியான பிக்கப்பை, அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1925ஆம் ஆண்டு தன் டி மாடல் காரின் அடிச்சட்டத்தில் அமைத்துத் தொழிற்சாலையிலிருந்தே விற்றது. அங்கே அது பண்ணைக்கும் குடும்பத்துக்கும் பொதுவான வண்டியாக வளர்ந்து, காரின் வசதிகளை ஒவ்வொன்றாகப் பெற்றது. இந்தியாவில் அதன் வழி வேறு. 2005ஆம் ஆண்டு டாடா நிறுவனம் இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சினுடன், முக்கால் டன் சுமக்கும் ஏஸ் வண்டியை வெளியிட்டது. அதன் இலக்கு மூன்று சக்கரச் சரக்கு ஆட்டோவுக்கு மாற்றாவது. தமிழ்நாட்டில் அதற்குக் குட்டி யானை என்ற பெயர் நிலைத்துவிட்டது. 2011ஆம் ஆண்டு ஓசூரில் அசோக் லேலண்ட் செய்யத் தொடங்கிய தோஸ்த், ஒன்றேகால் டன் அளவுச் சுமையோடு அடுத்த படியில் வந்தது. மகிந்திராவின் பொலேரோ பிக்கப், மூக்கு நீண்ட முகப்போடு கிராமத்து மண்பாதைகளைப் பிடித்துக்கொண்டது. இவற்றை வாங்கியவருள் பலர், மாத மாதம் கடன் தவணை செலுத்தித் தாமே ஓட்டும் உரிமையாளர்கள்.

பிக்கப் வந்ததும் முன்பாரமும் பின்பாரமும் புது வடிவில் திரும்பின. இதில் பின்னச்சே சுமையின் பெரும்பகுதியைத் தாங்குகிறது. எடை அந்த அச்சுக்குப் பின்னால் தொங்கினால் முன்சக்கரங்கள் தரையில் பதியாமல் ஸ்டியரிங் இலேசாகி, வளைவில் வண்டி சொன்னபடி கேட்காது. ஆகவே கனமானதை ஓட்டுநர் அறையை ஒட்டித் தாழ்வாகவும், இலேசானதைப் பின்னும் மேலுமாகவும் வைத்து, குறுக்குக் கயிறு போட்டுத் தார்ப்பாயை இறுக்க வேண்டும் என்பது லோடு ஏற்றுபவர் அறிந்த நெறி. வில்வண்டியில் மனிதருக்காக இருந்த எஃகுப் பட்டை அடுக்கு இங்கே பின்னச்சின் மேல், பாரத்துக்காகவே அமைக்கப்படுகிறது; முழுச்சுமைக்கு ஏற்ற விறைப்புடன் இருப்பதால், வெறும் வண்டியாகத் திரும்பும்போது அது வளைந்து கொடுக்காமல் தூக்கிப் போடுகிறது, ஈரச்சாலையில் பின்புறம் எளிதில் வழுக்குகிறது. கூடுதல் எடை ஏற்றுவதற்காகச் சிலர் பட்டறையில் பட்டைகளைக் கூட்டி வைப்பது இச்சிக்கலை இருமடங்காக்குகிறது. பிக்கப் வகைகள் பலவற்றில், பின்புறம் சுமையால் எவ்வளவு தாழ்ந்துள்ளது என்பதைக் கொண்டு பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் அடைப்பிதழ் ஒன்று உண்டு. பட்டை கூடி விறைப்பு மிகும்போது வண்டி தாழாது. தாழாத வண்டியைச் சுமையற்றதாகக் கருதும் அடைப்பிதழ், பிரேக் மிகவும் தேவைப்படும் வேளையில் அதனைக் குறைத்தே கொடுக்கும். 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் மிகைச்சுமைக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாயும் அபராதம் விதித்தது. ஆனால் எடைமேடையில் நிற்காத வண்டிக்கு அந்த விதி எட்டாது.

நிலமும் சாலையும் தம் பங்குக்கு ஓட்டுநரைச் சோதித்தன. கல்வராயன் மலையின் கருமந்துறை போன்ற ஊர்களிலிருந்து விளைபொருளுடன் இறங்கும் வண்டி, ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும்; பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். வண்டிக்காரர் தடைக்கட்டை இறுக்கியதற்கு ஈடான இந்நெறியைப் பழைய லாரி ஓட்டுநர்கள் கிளீனராக உடன் சென்று பல ஆண்டுகளில் கற்றனர். தனி ஆளாக ஓடும் பிக்கப்பில் கிளீனர் இல்லாததால் அந்தப் பயிற்சிப் பள்ளியும் இல்லாமற்போயிற்று. சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலை நான்குவழியாக்கப்பட்டபோது ஊர்களைச் சுற்றிச் செல்லும் புறவழிகள் பல இருவழியாகவே விடப்பட்டமையால், நடுத்திட்டின் காப்பில் வேகமெடுத்து வந்த வண்டி திடீரென எதிர்வண்டியை நேருக்கு நேர் சந்திக்கும் நிலை பல ஆண்டுகள் நீடித்தது.

சரக்குத் தட்டில் மனிதர் ஏறுவது இவ்வரலாற்றின் மிகத் துயரமான கிளை. மாட்டு வண்டியின் வேகத்தில் ஆபத்தற்றதாயிருந்த இவ்வழக்கம், களையெடுக்கவும் கிழங்கு பறிக்கவும் போகும் கூலியாட்களையும், கோயிலுக்கும் துக்க வீட்டுக்கும் போகும் உறவினரையும் பிக்கப்பில் ஏற்றும் வழக்கமாகத் தொடர்ந்தது. பிடித்துக்கொள்ள ஏதுமற்ற தட்டில் நிற்பவரின் எடை சுமையைப் போல் கட்டப்படுவதில்லை. நிற்பவர்களால் வண்டியின் ஈர்ப்புமையம் மேலேறுகிறது; வளைவில் எல்லாரும் ஒரே பக்கம் சாயும்போது அது அந்தப் பக்கம் நகர்ந்து வண்டியே கவிழ்கிறது. 1994ஆம் ஆண்டுத் திருத்தம், சரக்கின் உரிமையாளருக்கோ அவருடைய பிரதிநிதிக்கோ மட்டுமே சரக்கு வண்டியில் காப்பீட்டுப் பாதுகாப்பை விரித்தது. கட்டணமின்றி ஏறிய பிற பயணியருக்கு அது பொருந்தாது என்பதை உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டு தெளிவாக்கியது. தட்டில் நின்று போகும் கூலியாளுக்கு விபத்து நேர்ந்தால் இழப்பீடு காப்பீட்டு நிறுவனத்தை விட்டு வண்டிக்காரரின் தலையில் விழ, தவணைக் கடனில் ஓடும் அவரிடம் அதற்குப் பணம் இருப்பதில்லை.

ஓட்டுநரைப் பற்றிய சட்டங்கள் பெரிய நிறுவனங்களை மனத்திற்கொண்டே எழுந்தன. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வேலை நேரத்தை வரையறுத்து, ஐந்து மணி ஓட்டத்துக்குப் பின் அரைமணி ஓய்வையும் கட்டாயமாக்கியது. அது ஐந்து தொழிலாளரேனும் உள்ள நிறுவனங்களுக்காக இயற்றப்பட்டது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அவ்வரம்பை எல்லாச் சரக்கு வண்டி ஓட்டுநருக்கும் நீட்டியபோதிலும், நள்ளிரவில் காய் ஏற்றி, விடியலில் இறக்கி, பகலில் உள்ளூர் வாடகைக்கும் ஓடும் உரிமையாளரின் நேரத்தைக் கணக்கெடுக்க ஆளில்லை. மறுபுறம், 7,500 கிலோவுக்கு மேற்படாத வண்டியை இலகுரக உரிமம் உடையவரே வாடகைக்கு ஓட்டலாம் என 2017ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறி, 2024ஆம் ஆண்டு அரசியல்சாசன அமர்வும் அதனை உறுதி செய்ததால், பேட்ஜ் எனப்படும் தனி அனுமதி இன்றியே காருக்கு உரிமம் பெற்றவர் குட்டி யானையை ஓட்டலாம் என்றாயிற்று. பிழைப்புக்கு எளிய வாயிலாக அமைந்த இத்தீர்ப்பு, முன்பாரம் பின்பாரம் அறியாத கைகளிலும் ஸ்டியரிங்கைக் கொடுத்தது.

ஓட்டுநரின் உடல் சட்டத்தின் பார்வைக்கு வந்தது கடைசியாகத்தான். மூக்கில்லாத சிறு வண்டிகள் பலவற்றில் இருக்கையின் அடியிலேயே எஞ்சின் இருப்பதால், சித்திரை, வைகாசி வெயிலில் மேலிருந்து தகரக் கூரையும் கீழிருந்து எஞ்சினும் சேர்ந்து காய்ச்சுகின்றன. இருக்கையில் மரமணி விரிப்பு போடுவதும், ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றுவதும் ஓட்டுநர் தாமே கண்ட தீர்வுகள். வெப்பமும் அதிர்வும் சோர்வைக் கூட்டி, சோர்வு விடியற்காலைத் தூக்கமாக மாறும் ஆதலால், வசதியைப் பாதுகாப்பிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. இதனை ஏற்று 2023 டிசம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட அறிவிப்பு, 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் சரக்கு வண்டிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்றது. ஆனால் அது பொருந்துவது மொத்த எடை மூன்றரை டன்னைத் தாண்டும் வகைகளுக்கே. வாழப்பாடியில் பாக்கும் தக்காளியும் ஏற்றும் வண்டிகளோ பெரும்பாலும் அந்த வரம்புக்குக் கீழ்ப்பட்டவை. பாரம், முன்பாரம், பின்பாரம் எனச் சுமைக்குரிய சொற்கள் மாட்டு வண்டியிலிருந்து பிக்கப்புக்கு அப்படியே ஏறி வந்துவிட்டன. சீட், பெல்ட், கேபின், ஏசி என ஓட்டுபவருக்குரிய சொற்கள் யாவும் வெளியிலிருந்து, அவை குறிக்கும் பொருள்களைப் போலவே, ஒவ்வொன்றாகவும் தாமதமாகவும் வந்து சேர்கின்றன.