ஒன்றரை கிராம் பாஸ்பரஸ்

2004-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் அமெரிக்காவின் கார் ஷெட்டுகளில் ஒரே மாதிரியான சாவு திரும்பத் திரும்ப நடந்தது. அறுபதுகளின் செவ்ரலே அல்லது ஃபோர்டு வி8 இன்ஜின் ஒன்றை இறக்கி, சிலிண்டரை ரீபோர் செய்து, புது கேம்ஷாஃப்ட் போட்டு, பார்த்துப் பார்த்துப் பூட்டியிருப்பார்கள். ஸ்டார்ட் ஆகும். நன்றாகவே ஓடும். சில மணி நேரத்தில், சிலருக்கு முதல் அரை மணியிலேயே, டிக் டிக் என்று சத்தம். பிரித்துப் பார்த்தால் கேம்ஷாஃப்டின் ஒரு புடைப்பு தேய்ந்து வட்டமாகியிருக்கும். ஊற்றிய ஆயில் மட்டமானது இல்லை. கடையில் கிடைத்ததிலேயே ஆகப் புதிய தரச்சான்று பெற்றது.

இந்தக் கதையைப் பல வருடமாகத் தேடித் தேடி வாசித்து வருகிறேன். படித்தது மெக்கானிக்கல், சோறு போடுவது சாஃப்ட்வேர் என்கிற பெருங்கூட்டத்தில் நானும் ஒருவன். இரண்டு தொழிலுக்கும் பொதுவான ஒரு வாக்குறுதி இதில் உடைகிறது. புதுசு பழசோடு ஒத்துப்போகும் என்கிற வாக்குறுதி.

முதலில் இரும்பைப் பார்த்துவிடலாம். வால்வுகளைத் திறக்கவைக்கும் தண்டுதான் கேம்ஷாஃப்ட். அதில் முட்டை வடிவப் புடைப்புகள் இருக்கும், லோப் என்பார்கள். பழைய வி8-களில் ஒவ்வொரு லோப்பின் மேலும் டேப்பட் எனும் சிறு உருளை உட்கார்ந்திருக்கும். அதன் அடி தட்டை, அதனால் ஃப்ளாட் டேப்பட். உண்மையில் தட்டையே இல்லை, கண்ணுக்குத் தெரியாத அளவில் வெளிப்பக்கம் குவிந்திருக்கும். லோப்பும் ஒரு பக்கமாக லேசாகச் சரிந்திருக்கும். இந்த இரண்டு கோணலும் சேர்ந்துதான் டேப்பட்டைத் தன்னைத்தானே சுழல வைக்கின்றன. சுழன்றால் தேய்மானம் பரவும். சுழலாமல் நின்றுவிட்டால் ஒரே இடத்தில் உராய்ந்து லோப் காலி. போன இரும்பு சும்மாவும் போகாது. தூளாகி ஆயிலில் கலந்து, பம்ப், பேரிங் என்று ஊரெல்லாம் சுற்றும். ஒரு லோப் தேய்ந்ததென்றால் மொத்த இன்ஜினையும் மறுபடி இறக்க வேண்டியதுதான்.

வால்வு ஸ்பிரிங்கின் மொத்த அழுத்தமும் லோப்பும் டேப்பட்டும் தொடுகிற அந்தச் சிறு இடத்தில் இறங்குகிறது. ஆயில் படலம் அங்கே தாக்குப்பிடிக்காது, பிதுங்கிவிடும். அந்த இடத்தில் இரும்பைக் காப்பது ஆயிலில் கரைந்திருக்கும் ஒரு சேர்மம், ஜிங்க் டைஆல்கைல் டைதயோபாஸ்பேட். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் இன்ஜின் சூடாகிவிடும் என்பதால் பட்டறைகளில் 'ஜிங்க்' என்றே சொல்கிறார்கள்.

1940களில் இதை ஆயிலில் சேர்த்தபோது கேம்ஷாஃப்ட் யார் மனதிலும் இல்லை. ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போகக் கூடாது, பேரிங் அரிக்கப்படக் கூடாது என்பதுதான் நோக்கம். 1949-ல் ஓல்ட்ஸ்மொபிலும் கேடிலாக்கும் ஓவர்ஹெட் வால்வு வி8-களைக் கொண்டுவந்தன. ஐம்பதுகளில் எல்லோரும் அந்த வழியில் போனார்கள். குதிரைத்திறன் போட்டியில் ஸ்பிரிங் அழுத்தம் ஏறிக்கொண்டே போக, கேம் தேய்மானம் பெரிய தலைவலியானது. பேரிங்குக்காகப் போட்ட மருந்து கேமையும் காப்பாற்றும் என்பது அப்போதுதான் புரிந்தது. நம் பாஷையில் சொன்னால், டாக்குமென்ட்டில் எழுதாத ஒரு ஃபீச்சர். அதன் மேல்தான் அடுத்த முப்பது வருட இன்ஜின்கள் ஏறி உட்கார்ந்தன.

எப்படிக் காக்கிறது? சூட்டிலும் அழுத்தத்திலும் அந்தச் சேர்மம் உடைந்து, இரும்பின் மேல் கண்ணாடி மாதிரியான பாஸ்பேட் படலமாகப் படிகிறது. அதன் தடிமன் சுமார் 100 நானோமீட்டர். இரும்புக்குப் பதில் அது தேயும், தேயத் தேய மறுபடி வளரும். 2015-ல் சயின்ஸ் இதழில் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அணுவிசை நுண்ணோக்கியின் ஊசியையே டேப்பட்டாக்கி உரசி, அழுத்தம் கூடக்கூடப் படலம் வேகமாக வளர்வதை நேரடியாகக் காட்டினார்கள். எங்கே வலிக்கிறதோ அங்கேயே கட்டு போட்டுக்கொள்கிற மருந்து! இதை இவ்வளவு நெருக்கத்தில் பார்ப்பதற்குள் எழுபது வருடம் ஓடிவிட்டது.

அதற்குள் அளவைக் குறைத்தும் விட்டார்கள். காரணம் காற்று. 1970-ன் தூய காற்றுச் சட்டத்தைத் தொடர்ந்து, 1975 மாடல்களிலிருந்து அமெரிக்க கார்களின் புகைக்குழாயில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. உள்ளே பிளாட்டினம், பல்லேடியம். இன்ஜின் எரிக்கும் துளித்துளி ஆயிலிலிருந்து பாஸ்பரஸ் அங்கே போய்ப் படிகிறது. கேமின் மேல் கவசமான அதே தனிமம், கன்வெர்ட்டரின் மூச்சை அடைக்கிறது. 1990-ன் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கன்வெர்ட்டருக்கு 8 ஆண்டு அல்லது 80,000 மைல் உத்தரவாதம் தர வேண்டிய கட்டாயம். செலவு தங்கள் தலையில் என்றானதும் கார் கம்பெனிகள் பாஸ்பரஸைக் குறைக்கச் சொல்லி நெருக்கின. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உச்சவரம்பு 0.12 சதவீதம், 1996-ல் 0.10, 2004-ல் 0.08.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வி8-க்கு ஊற்றும் நாலே முக்கால் லிட்டர் ஆயிலில் 0.12-க்கும் 0.08-க்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை கிராம் பாஸ்பரஸ். ஒரு சிட்டிகை.

புதிய கார்களுக்கு இதனால் ஒன்றும் ஆகவில்லை. எண்பதுகளின் நடுவிலிருந்தே ஃபோர்டும் ஜிஎம்மும் தங்கள் வி8-களில் ரோலர் டேப்பட்டுக்கு மாறத் தொடங்கியிருந்தன. எரிபொருள் சிக்கனச் சட்டத்துக்காக உராய்வைக் குறைக்க வேண்டியிருந்தது. சக்கரம் உருளும் இடத்தில் அவ்வளவு கவசம் தேவையில்லை. மாட்டிக்கொண்டது பழைய இன்ஜின்காரர்கள்தான்.

எங்கள் தொழிலில் ஏபிஐ என்றால் வேறு. ஆயில் உலகில் அது அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட். எஸ்ஜே, எஸ்எல், எஸ்எம் என்று எழுத்து நகர நகர, பழைய எழுத்து கேட்ட இடத்தில் புதியதை ஊற்றலாம் என்பது அவர்கள் வாக்கு. புது வெர்ஷன் போடுங்கள், பழைய புரோகிராம் அப்படியே ஓடும் என்று நாங்கள் சொல்வதில்லையா, அதேதான். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. எஸ்எம் தேற வேண்டிய சோதனைகளில் ஒன்று, ஸ்பிரிங் அழுத்தம் கூட்டப்பட்ட ஜிஎம் 3.8 லிட்டர் வி6-ல் நடந்தது. அது ஃப்ளாட் டேப்பட் இன்ஜின்தான். பாஸ்பரஸுக்கு 0.06 என்று கீழ்வரம்பும் வைத்தார்கள். இதைக் காட்டித்தான் 'ஆயிலைக் குறை சொல்லாதீர்கள்' என்று ஆயில் தரப்பு வாதாடியது.

அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ரேஸ் ஆசையில் செங்குத்தான லோப்பும் முரட்டு ஸ்பிரிங்கும் போட்டவர்கள் ஏராளம். தேவை குறைந்த பிறகு வந்த டேப்பட்டுகளின் தரத்தைப் பற்றியும் புகார்கள் உண்டு. ஆனால் சோதனை இன்ஜின் என்பது சரியான உலோகம், சரியான பொருத்தம். ஷெட் இன்ஜின் அப்படியல்ல. முன்பு ஆயிலில் இருந்த அந்தச் சிட்டிகை, இந்தக் குறைகளையெல்லாம் சத்தமில்லாமல் மன்னித்துக்கொண்டிருந்தது என்பது என் கட்சி. சோதனை அளந்தது ஆயில் போதுமா என்பதை. எவ்வளவு மிச்சம் இருந்தது என்பது எந்தச் சான்றிதழிலும் வராது. நுரையீரலா கேம்ஷாஃப்டா என்றால் நான் யோசிக்காமல் நுரையீரல் பக்கம். அந்த வாக்குறுதியில் மட்டும் ஒரு அடிக்குறிப்பு போட்டிருக்கலாம்.

சரி, அப்படி ஒரு இன்ஜினைப் பிரித்துப் பூட்டுபவர் என்ன ஆயில் ஊற்றுவது? டப்பாவில் 'ஜிங்க் நிறைந்தது' என்று இருப்பதை நம்ப வேண்டாம். கம்பெனியின் டேட்டா ஷீட்டில் பாஸ்பரஸ் எண்ணைப் பாருங்கள், 1000 முதல் 1200 பிபிஎம் வரை இருந்தால் நல்லது. ரொம்ப நாள் பலரும் லாரிகளுக்கான 15டபிள்யூ-40 டீசல் ஆயிலைத்தான் ஊற்றினார்கள். டீசல் வண்டிகளுக்கும் புகை வடிகட்டி வந்ததும், 2006-ன் சிஜே-4 தரம் அங்கேயும் 0.12 என்று வரம்பு போட்டுவிட்டது. தவிர, டீசல் ஆயிலில் கழுவும் சேர்மங்கள் அதிகம். அவை இரும்பின் மேல் இடம்பிடிக்க இதே ஜிங்க்கோடு போட்டி போடும். அதனால்தான் ரன்னிங்-இன்னுக்கென்றே, கழுவும் சரக்கு குறைவாகவும் பாஸ்பரஸ் தூக்கலாகவும் உள்ள ஆயில்கள் தனியாக வந்தன. அதற்காக பாட்டில் பாட்டிலாக ஜிங்க்கைக் கொட்டுவதும் ஆபத்து. அளவு மீறினால் அதுவே இரும்பை அரிக்கும்.

ஆயிலைவிட முக்கியம் முதல் அரை மணி நேரம். லோப்களில் மாலிப்டினம் பேஸ்ட் தடவ வேண்டும். டபுள் ஸ்பிரிங் என்றால் உள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட வேண்டும். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே டிரில் மெஷினால் ஆயில் பம்பைச் சுற்றி ஆயிலை ஏற்றிவிட வேண்டும். பற்றிக்கொண்டதும் ஐடிலில் விடவே கூடாது. 2000 முதல் 2500 ஆர்பிஎம்மில் இருபது முப்பது நிமிடம் ஓட வேண்டும். லோப்களுக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க் சுழலும்போது தெறிப்பதுதான். மெதுவாகச் சுற்றினால் தெறிக்காது. அக்கறையாக மெல்ல ஓட்டிப் பழக்குவோம் என்கிற நல்ல மனசுதான் பல கேம்ஷாஃப்ட்டுகளைக் கொன்றிருக்கிறது.

நம் பக்கத்தில் அம்பாசிடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும், திருவொற்றியூரில் செய்த வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டும் இதே ஃப்ளாட் டேப்பட் ஜாதிதான். அவற்றுக்கு மெக்கானிக்குகள் வழக்கமாக ஊற்றுவது 20டபிள்யூ-50. எஸ்எம் தரத்தின் 0.08 வரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ரகங்களுக்குத்தான், கெட்டியான 20டபிள்யூ-50-க்கு இல்லை. வண்டியை நவீனமாக்குகிறேன் என்று யாராவது புது காரின் மெல்லிய சிந்தெட்டிக் ஆயிலைத் தூக்கிக்கொண்டு வந்தால், டப்பாவைத் திருப்பி அந்த இரண்டு எண்ணை மட்டும் பார்த்துவிடுங்கள்.