பாட்டியின் தலை எங்கே போயிற்று? – பழைய கேமராவின் ஜன்னலும் கோடும்

கரமனை அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரு படம் உண்டு. திண்ணையில் பாட்டி உட்கார்ந்திருக்கிறார். நெற்றிக்கு மேலே ஒன்றும் இல்லை. அப்பா மிகவும் கிட்டத்தில் நின்று எடுத்தது. "ஏண்டா, என் தலையை எங்கே வச்சுட்டு வந்தே?" என்று பாட்டி கேட்டாராம். அவருக்கு வேறு படமே இல்லாமல் போயிற்று. அப்பா கடைசிவரை அதைத் தம் கவனக்குறைவு என்றே எண்ணி வருந்தினார். அது முழுவதும் அவர் குற்றமல்ல என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் காண்பதையே நம் கண்ணும் காண்கிறது. அப்பாவிடம் இருந்த ரேஞ்ச்ஃபைண்டர் வகையில் அப்படியல்ல. லென்ஸுக்கு மேலே தனி ஜன்னல். தூரத்துக் கோபுரத்தை எடுக்கும்போது இந்த வித்தியாசம் தெரியாது. ஒரு மீட்டர் தூரத்து முகம் என்றால், ஜன்னலில் முழுதாகத் தெரியும் தலை ஃபிலிமில் வெட்டுப்படும். பள்ளியில் படித்தோமே, இடமாறு தோற்றப் பிழை, அதுதான் இது.

1932இல் வந்த லைக்கா இரண்டாம் மாடலில் தூரம் பார்க்க ஒரு துவாரம், படத்தின் எல்லை பார்க்க இன்னொன்று. 1936இல் கான்டாக்ஸ் இரண்டாம் மாடல் இரண்டையும் ஒரே ஜன்னலில் சேர்த்தது. லைக்காவில் அந்த வசதி வர 1954 ஆயிற்று. ஆகவே 1950 ஏப்ரலில், ஸ்ரீ ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் திருவண்ணாமலைக்கு வந்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோனின் லைக்காவில் பிழையைத் திருத்தும் கோடு கிடையாது. அத்தகைய கேமராவில் கிட்டத்துப் படம் எடுப்பவர், தலைக்கு மேல் இடம் விட்டுத் தாமே கணக்குப் போடவேண்டும். ஏப்ரல் 14 இரவு மகரிஷி சமாதியடைந்தார்.

1954இல் வந்த லைக்கா எம்3இன் ஜன்னலுக்குள் ஒளிக்கோட்டுச் சட்டம் மிதந்தது. 50, 90, 135 மி.மீ. லென்ஸில் எதை மாட்டுகிறோமோ அதற்குரிய கோடு தானே தோன்றும். கிட்டத்தில் ஃபோகஸ் செய்தால் கோடும் நகர்ந்து பிழையைச் சரிசெய்யும். காட்சி ஏறக்குறைய இயல்பளவில், 0.91 மடங்கில் தெரியும். ஆனால் 35 மி.மீ.க்குக் கோடு இல்லை. அடுத்து வந்த எம்2 காட்சியை 0.72 மடங்காகச் சுருக்கி அதற்கு இடம் கொடுத்தது. பெரிதாகப் பார்த்தால் குறைவாகத்தான் பார்க்கலாம். இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

ஜப்பானியர் வேறு வழிகள் கண்டார்கள். 1957இன் நிக்கான் எஸ்பி, 28, 35 மி.மீ. லென்ஸ்களுக்குப் பக்கத்திலேயே தனிச் சிறு ஜன்னல் வைத்தது. கேனன் பி இயல்பளவுக் காட்சியில் 35, 50, 100 என மூன்று கோட்டையும் ஒருசேரக் காட்டியது. கண்ணாடி போட்டவர்களுக்கு ஓரத்துக் கோடு எட்டாது. 1966இன் யாஷிகா எலக்ட்ரோ 35இல் கழற்ற முடியாத ஒரே லென்ஸ், ஒரே கோடு. அதுவும் நகர்ந்து திருத்தும். அப்பாவின் கேமராவில் அந்த ஒரு கோடு இருந்திருந்தால் பாட்டியின் தலை தப்பியிருக்கும்!

ஒளிக்கோட்டுக்கு இன்னொரு குணம் உண்டு: சட்டத்துக்கு வெளியே நிற்பவரையும் அது காட்டும். ஆல்பம் காட்டாது. பாட்டி படத்தின் பின்புறம் அவர் பெயரை எழுதிவிட்டேன். உங்கள் வீட்டிலும் இப்படிப்பட்ட படம் இருந்தால் பழுது என்று கிழித்துவிடாதீர்கள். யாரென்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள்.