'ரேங்க்கிள்' என்றொரு வினைச்சொல்லும் வட்டவடையும்

போன வாரம் பெண்ணின் பள்ளிப் பாடத்தில் 'ரேங்க்கிள்' வந்தது. "அப்பா, இதுக்குத் தமிழ்ல என்ன?" என்றாள். கோபம், கசப்பு என்று அகராதி சொல்கிறது. போதவில்லை.

இந்தச் சொல்லின் பூர்வீகம் சுவாரசியமானது. லத்தீனில் குட்டிப் பாம்பைக் குறிக்கும் 'டிராகுன்குலஸ்', பழைய பிரெஞ்சில் சீழ்ப்புண்ணைக் குறித்து, வினையாகி ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் புண்தான் 'ரேங்க்கிள்' ஆகும், மனசு பிறகு. இன்னொன்று, 'ரிசென்ட்' செய்வது ஆள். 'ரேங்க்கிள்' செய்வதோ நடந்த விஷயம். "அந்தத் தீர்ப்பு இன்னும் உறுத்துகிறது" என்கிறோமே, அதேதான். உறுத்தல்! மகளுக்கு அதைத்தான் சொன்னேன்.

உதாரணம் கேட்டாள். நம்மவர்களுக்கு 1956ஐ விடவா?

மூணாறுக்கு அப்பால், தேவிகுளம் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் வட்டவடை. படிப்படியாக வெட்டிய மலைவயல். பூண்டு, உருளை, கேரட். பேச்சு தமிழ். தேவிகுளம், பீர்மேடு உள்ளிட்ட தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்டுத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று தென் திருவிதாங்கூரில் துப்பாக்கிச்சூடு, உயிர்ப்பலி. சுட்டது பட்டம் தாணுப்பிள்ளை அரசின் போலீஸ்.

பசல் அலி, குன்சுரு, பணிக்கர் மூவர் கமிஷன் 1955இல் அறிக்கை தந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை நமக்குப் பரிந்துரையாயின. தேவிகுளமும் பீர்மேடும் இல்லை. தமிழரில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து போகிற கூலிகள் என்ற வாதமும், கேரளப் பொருளாதாரத்துக்கு அந்த மலைகள் தேவை என்ற வாதமும் எடுபட்டன. 1956 நவம்பர் 1 முதல் அவை கேரளம். குளமாவது மேடாவது என்று காமராசர் சொன்னதாக இன்றும் பேச்சு உண்டு. சொன்னாரோ இல்லையோ, அந்தப் பேச்சு நிற்பதே உறுத்தலுக்குச் சாட்சி.

எனக்கு உறுத்துவது வேறு. இரண்டாவது வாதத்தையாவது ஒரு கணக்காக எடுத்துக்கொள்ளலாம். முதல் வாதம் வட்டவடைக்குப் பொருந்தவே இல்லை. இவர்கள் கொழுந்து பறிக்க வந்தவர்கள் அல்ல. மதுரைப் பக்கமிருந்து எந்தக் காலத்திலோ ஏறி வந்து சொந்த நிலத்தில் ஏர் பூட்டிய குடியானவர்கள். தாலுகா கணக்கில் தோட்டத் தொழிலாளியோடு சேர்த்து எண்ணப்பட்டார்கள், அவ்வளவுதான்.

2022இல் இவர்களது பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பதிவான பெயர் 'காந்தளூர் வட்டவட வெளுத்துள்ளி'. வயலில் அதற்குப் பெயர் பூண்டுதான். இது உறுத்துமா, சிரிப்பு வருமா? வட்டவடைக்காரர்கள் யாராவது படித்தால் சொல்லுங்கள்.