முகக்கோணல் தாடை அறுவை

தாடையின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட நீண்டோ குறுகியோ வளர்வதால் மோவாய் ஒதுங்கி, பல்வரிசை சாய்ந்து, கடி பொருந்தாமல் போவதுண்டு. இதைத் திருத்தத் தாடை எலும்பை வெட்டி இடம் மாற்றிப் பொருத்துவதே இந்த அறுவை. தாடை மூட்டின் குமிழ் ஒரு பக்கம் மட்டும் மிகையாக வளர்தல், சிறுவயதில் அடிபட்டு மூட்டு இறுகிவிடுதல், பிறவியிலேயே ஒரு பக்க முகம் வளர்ச்சி குன்றியிருத்தல் ஆகியவை முக்கியக் காரணங்கள். கோணல் சிறிதும் இல்லாத முகம் அரிது; எந்த அளவுக்கு மேல் கத்தி வைக்கலாம் என்பதற்கு எல்லோரும் ஒப்பிய எல்லை கிடையாது.

கடியைத் திருத்தத் தாடையை வெட்டிய முதல் அறுவையாக நூல்கள் பொதுவாகச் சுட்டுவது, அமெரிக்காவின் வீலிங் நகரில் சைமன் ஹல்லிஹென் செய்து 1849இல் வெளியிட்டதை. சிறுவயதில் தீக்காயம் பட்ட ஓர் இளம்பெண்ணின் கழுத்துத் தழும்பு இறுகி, கீழ்த்தாடையை இழுத்து நீட்டிவிட்டிருந்தது. ஹல்லிஹென் தாடையின் முன்பகுதியில் ஆப்பு வடிவில் எலும்பை அறுத்தெடுத்து, பற்களோடு அப்பகுதியைப் பின்னுக்குத் தள்ளினார். மெழுகில் அச்செடுத்துச் செய்த வெள்ளித் தகடொன்றைப் பற்களின் மேல் மாட்டி, வெட்டிய துண்டு அசையாமல் காத்தார். கழுத்துத் தழும்பையும் உதட்டையும் அடுத்தடுத்த அறுவைகளில் சீர்செய்தார்.

ஒரு பக்கம் மட்டும் வளர்ந்த தாடைக்கு, மூட்டுக் குமிழை அகற்றிய அறுவையை கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் ஹம்ப்ரி 1856இல் பதிவுசெய்தார். அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு நூல்கள் துருத்திய தாடையைப் பற்றியே மிகுதியும் பேசுகின்றன. 1897 அளவில் செயின்ட் லூயிஸில் நடந்த கீழ்த்தாடை அறுவைக்கு வில்ரே பிளேர் பெயரே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அந்த அறுவையில் விப்பிள், ஆங்கிள் ஆகியோரின் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பெர்லினில் வாஸ்முண்ட் 1927இல் மேல்தாடையை வெட்டினார். ஆனால் அதை அறுவை மேசையிலேயே பெயர்த்து நகர்த்தவில்லை, பிறகு இழுத்துச் சரிசெய்தார்.

இன்றைய முறையின் அடித்தளம் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் 1953இல் அமைந்தது. அதுவரை கீழ்த்தாடையைப் பெரும்பாலும் தோலைக் கீறியே அணுகினர். முகத்தில் தழும்பு நின்றது. குறுக்கே வெட்டிய எலும்பின் முனைகள் தசை இழுப்பில் விலகின. ஹூகோ ஓப்வெகெசர் வாய்க்குள்ளேயே கீறி, தாடையின் பின்கிளையை அதன் தட்டையான போக்கில் உள்தட்டு, வெளித்தட்டு என இரண்டாகப் பிளந்தார். தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதால் தாடையை முன்னோ பின்னோ நகர்த்தினாலும், ஒரு பக்கம் கூடுதலாகத் திருப்பினாலும், எலும்போடு எலும்பு அகலமாகப் படிந்து எளிதில் சேர்ந்தது. கோணல் முகத்துக்கு இதைவிட வசதியான வெட்டு முன்பு இருந்ததில்லை. அவருடைய ஆசிரியர் ரிச்சர்ட் டிரவுனரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை 1957இல் ஆங்கிலத்தில் வந்தது. ஷூஹார்ட் 1942இல் செய்த படிவெட்டு இதற்கு முன்னோடியா என்பது பற்றிக் கருத்துகள் பல. டால் பொன்ட் 1961இலும் ஹன்சக் 1968இலும் வெட்டின் எல்லைகளை மாற்றியமைத்தனர். ஓப்வெகெசர் 1966இல் வாஷிங்டனில் ஆற்றிய விரிவுரைகளுக்குப் பிறகே அமெரிக்காவில் இம்முறை பரவியது.

ஆனால் கீழ்த்தாடையை மட்டும் திருப்பினால் பல கோணல்கள் தீர்வதில்லை. கீழ்த்தாடை சாய்ந்து வளரும்போது மேல்தாடையும் கூடவே சாய்ந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே அமர்வில் வெட்டி நகர்த்தியதை ஓப்வெகெசர் 1970இல் வெளியிட்டார். மேல்தாடையை முழுதும் பெயர்த்தால் ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துவிடும் என்ற அச்சம் நெடுநாள் இருந்தது. ஈறும் அண்ணச் சதையும் போதிய ரத்தம் தருகின்றன என்பதை வில்லியம் பெல் ரீசஸ் குரங்குகளில் காட்டினார். 1975இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பின் மேல்தாடையைப் பெயர்க்கும் வெட்டு வழக்கமாயிற்று. 1974இல் ஷ்பீசல் திருகுகளால் எலும்பைப் பூட்டும் முறையைக் கொண்டுவந்தார். அதற்கு முன் மேலும் கீழும் பற்களைக் கம்பியால் கட்டி, ஏறக்குறைய ஆறு வாரம் கஞ்சியும் சாறுமாகவே நோயாளி காலம் தள்ள வேண்டியிருந்தது.

வளர்ச்சி குன்றிய பக்கத்தை வெட்டி, கருவி பூட்டி நாளுக்குச் சிறிதாக இழுத்து நீட்டும் முறையை நியூயார்க்கின் ஜோசப் மெக்கார்த்தி குழு 1992இல் வெளியிட்டது.

அண்மைக் காலத்தில் கணினியில் முப்பரிமாணத் திட்டமிடலும் அச்சிட்ட கடித்தகடுகளும் பல்வரிசையின் பிளாஸ்டர் மாதிரிகளின் இடத்தைப் பிடித்துவருகின்றன. பற்களுக்குக் கம்பி போட்டுச் சீராக்கிய பின் அறுவையா, அறுவைக்குப் பின் கம்பியா என்பதில் மருத்துவர்கள் இரு கட்சியாக உள்ளனர். மூட்டுக் குமிழ் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தால் அதைச் சீவிவிடுவதா, வளர்ச்சி நிற்கும்வரை காத்திருப்பதா என்பதும் அவ்வாறே. கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு பாதிக்கப்பட்டுக் கீழுதடும் மோவாயும் மரத்துப்போவது பின்விளைவுகளில் அதிகம் காணப்படுவது. பலருக்கு மாதக்கணக்கில் தேறுகிறது, சிலருக்கு நிலைத்துவிடுகிறது.