பூனையின் பின்னங்கால்கள் திடீரென முடங்கினால்: தண்டுவடத்தில் புழுவா?

நேற்று மதில் தாண்டிய பூனை இன்று பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வருகிறதா? "எங்கயோ விழுந்திருக்கும், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று விட்டுவிடாதீர்கள். அடிபட்டிருக்கலாம். அரிதாக, தண்டுவடத்துக்குள் ஒட்டுண்ணிப் புழுவும் புகுந்திருக்கலாம்.

அது என்ன புழு?

பூனைகளின் தண்டுவடத்தில் குடியேறும் புழு ஒன்று உண்டு: குர்ல்டியா பாராலிசான்ஸ். 1933இல் சிலி நாட்டுப் பூனைகளில் இது விவரிக்கப்பட்டது. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்களில் தங்கி, ரத்த ஓட்டத்தைத் தடுத்து, பின்னங்கால்களைப் படிப்படியாக முடக்கும். தென் அமெரிக்காவிலும் ஸ்பெயினின் கேனரி தீவுகளிலும் இது பதிவாகியுள்ளது.

நம்ம ஊரில்?

மலேசியாவில் நாம் அறிய வேண்டியது எலி நுரையீரல் புழு. 1971இல் இங்கு அடையாளம் காணப்பட்ட ஒரு வகைக்கு நாட்டின் பெயரே வைக்கப்பட்டது: ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸ் மலேசியென்சிஸ். அதன் நெருங்கிய உறவான கான்டோனென்சிஸ் 1935இல் சீனாவின் கான்டன் நகர எலிகளில் விவரிக்கப்பட்டது.

எலியின் எச்சத்தில் வெளியேறும் இளம்புழுக்கள் நத்தைக்குள் வளர்கின்றன. அந்த நத்தையை எலி தின்றால், புழு மூளை, தண்டுவடம் வழியாக நுரையீரலை அடையும். வேறு பிராணி தின்றால் பெரும்பாலும் நரம்பு மண்டலத்திலேயே சிக்கிச் சாகும். அங்கே அழற்சி உண்டாகும். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன், சிட்னி நகரங்களில் நாய்க்குட்டிகள் இப்படி முடங்கியுள்ளன. பூனைகளில் இது அபூர்வம்.

ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளின் பின்சந்துகளில் எலி, ஈரம், நத்தை மூன்றுக்கும் பஞ்சமில்லை. அதனால் இந்தச் சுழற்சியைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

வேறு காரணங்கள்?

வாகன விபத்து, அடுக்குமாடியிலிருந்து விழுதல், டாக்ஸோபிளாஸ்மா கிருமி ஆகியவையும் காரணமாகலாம். கால்கள் சில்லிட்டு, பாதம் வெளுத்து, பூனை வலியில் கத்தினால் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். அப்போது ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள்.

ரேபிஸ் நோயும் முடக்கும். 2015இல் அது பினாங்கிலும் பரவியது. முடங்கிய பூனை கடித்தால், காயத்தை 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி மருத்துவமனைக்குப் போங்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

பூனையை அதிகம் அசைக்காமல் பெட்டியில் வைத்து கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். முடக்கம் திடீரென வந்ததா, மெல்ல வந்ததா, சிறுநீர் போகிறதா, எலி பிடிக்கும் பழக்கம் உண்டா என்று சொல்லுங்கள்.

"வலிக்குதே, பாவம்" என்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடலாம். பூச்சி மருந்தையும் நீங்களாகத் தர வேண்டாம். தண்டுவடத்தில் புழுக்கள் மொத்தமாகச் செத்தால் அழற்சி இன்னும் மோசமாகலாம்.

நமக்கும் தொற்றுமா?

பூனையைத் தடவுவதால் எலி நுரையீரல் புழு தொற்றாது. ஆனால் வேகாத நத்தையிலிருந்தும், சின்ன நத்தை ஒட்டிய பச்சைக் காய்கறியிலிருந்தும் மனிதருக்கு வரும். மூளை உறை அழற்சியை உண்டாக்கும். உலாம் சாப்பிடுவீர்களா? ஒவ்வொரு இலையாகக் கழுவுங்கள். பூனையின் சாப்பாட்டுத் தட்டையும் இரவில் வெளியே விடாதீர்கள்; அதைத் தேடித்தான் எலியும் நத்தையும் வருகின்றன.